நாற்பது வளைவு இறங்கிய பிறகு...

பிளஸ் டூ முடித்த பிள்ளையை வால்பாறை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பெட்டி ஏற்றியாகிவிட்டது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா கொஞ்சம் தள்ளி டீக்கடை ஓரமாக. பைக்குள் கையடக்கப் புதிய ஏற்பாடு ஒன்று. கடைசியாக ஒரு அறிவுரைப் பட்டியல்.

"ஞாயித்துக்கெழம ஆராதனைய விட்றாத கண்ணு. ராத்திரி ஜெபம் பண்ணாம படுக்காத. கண்ட பசங்களோட சேராத. சினிமா கினிமான்னு சுத்தாத..."

பஸ் கிளம்புகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஆழியாறு வந்தால் வெயில் அடிக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் பொள்ளாச்சி, கோவை, திருப்பூர். எஸ்டேட் வேலை இனி வேண்டாம் என்று கீழே இறங்கியவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2001 கணக்கெடுப்பில் 90 ஆயிரத்துக்கு மேல் இருந்த வால்பாறையின் மக்கள்தொகை 2011-ல் 70 ஆயிரம் சொச்சத்துக்கு வந்துவிட்டது. பத்தே வருடத்தில்!

அந்த அம்மாவின் பயம் என்ன? மேலே மலை, ஜெபக்கூட்டம், ஊர்க் கட்டுப்பாடு. கீழே நகரம், செல்போன், கெட்டுப்போன உலகம். மலையில் பத்திரமாக இருந்த விசுவாசம் கீழே போனால் கெட்டுவிடும் என்ற பயம். வாலிபர் கூட்டங்களில் கேட்கிற பிரசங்கமும் பெரும்பாலும் இதுதான். நவீன கலாச்சாரம் என்ற வெள்ளம் வருகிறது, கதவை இறுக்கிச் சாத்துங்கள்!

இந்தப் பயத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதினெட்டு வயதில் முதன்முதலாகக் கையில் பணமும் பக்கத்தில் யாரும் கேட்காத இரவும் கிடைக்கும்போது என்னென்ன நடக்கும் என்று ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும். குடியால் அழிந்த குடும்பம் இல்லாத தெரு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கையிலிருக்கும் போனுக்குள் சீட்டாட்டக் கிளப், கடன்காரன், ஆபாசக் கடை எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்ட காலம் இது. அம்மாவின் பட்டியல் தப்பு இல்லை.

பட்டியல் போதாது. அதுதான் பிரச்சினை.

ஏன் போதாது என்பதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். அந்த மலையிலேயே இருக்கிறது.

மலை சுத்தமாக இருந்ததா?

வால்பாறைக்குப் போகும் வழியில் கவர்க்கல்லில் கார்வர் மார்ஷ் சிலை நிற்கிறது. ஆனைமலையில் காட்டை அழித்துத் தேயிலைத் தோட்டம் போட்ட முன்னோடி வெள்ளைக்கார துரை. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லும் நாவல் ஒன்று உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் பல வருடங்கள் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளிவந்த 'ரெட் டீ'. இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007-ல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. பாலாவின் 'பரதேசி' (2013) படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். பஞ்சம். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அதற்கப்புறம் மழை, அட்டை, மலேரியா, அடி. பெண்களுக்கு இன்னும் கூடுதலான கொடுமை. ஓடிப்போனால் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் அவர்களை உண்மையில் கட்டிப்போட்டது சாட்டை இல்லை. ஒரு கணக்குப் புத்தகம். வருடக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது முன்பணம் தீர்ந்திருக்காது. அரிசிக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு என்று பற்று ஏறிக்கொண்டே போகும். உழைத்தவன் எப்போதும் கடன்காரன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்தப் பேரேடுதான் சங்கிலி.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த துரைமார்கள் யார்? கிறிஸ்தவ நாட்டில் பிறந்து, கிறிஸ்தவப் பெயர் வைத்து, கிறிஸ்மஸ் கொண்டாடியவர்கள். அன்றைக்கு செல்போன் இல்லை, டிவி இல்லை, மால் இல்லை. 'கெட்டுப்போன நவீன கலாச்சாரம்' என்று இன்று திட்டப்படுகிற எதுவும் அந்த மலையில் இல்லை. ஆனாலும் பக்கத்து மனிதனை எடை போடும் கூடையாகப் பார்க்கிற பழக்கம் மட்டும் கச்சிதமாக இருந்தது. அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தோடு ஒரே வீட்டில் சண்டையே இல்லாமல் குடியிருந்தது!

இதற்கு எதிராக எழுதியவரும் அதே மலையில் வேலை பார்த்தவர்தான். டாக்டர் டேனியல் நினைத்திருந்தால் ஊசி போட்டோம், மருந்து கொடுத்தோம், சம்பளம் வாங்கினோம் என்று இருந்திருக்கலாம். தோட்டத்து டாக்டருக்குத் தோட்டம்தான் சம்பளம். ஆனால் அவர் தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டார், அவர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் பங்கெடுத்தார், கடைசியில் எழுதியும் வைத்தார்.

ஆக, உலகம் ஒரு மனிதனைக் கெடுக்கிற வழி எது என்ற கேள்விக்கு வால்பாறையின் சரித்திரம் சொல்லும் பதில் வேறு. கெடுக்கிற சரக்கு பெரும்பாலும் பளபளப்பாக வருவதில்லை. 'எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க' என்ற சாதாரண வேலையாக, சம்பளமாக, கணக்காக வருகிறது.

தானியேலின் கணக்கு

அந்நியக் கலாச்சாரத்தில் விசுவாசமாக இருந்தவர் என்றால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடத் தானியேலைச் சொல்லும். சிங்கக் கெபி படம் இல்லாத ஞாயிறு பள்ளிச் சுவர் உண்டா என்ன? ஆனால் அந்தக் கதையைச் சிங்கத்திலிருந்து ஆரம்பிக்காமல் முதலிலிருந்து படித்தால் வேறு சில விஷயங்கள் தெரியும்.

தானியேல் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டார் என்று பாருங்கள். பாபிலோனியப் பெயர் வைத்தார்கள், ஏற்றுக்கொண்டார். கல்தேயர் மொழியையும் நூல்களையும் படிக்கச் சொன்னார்கள், படித்தார். யூதர்களைச் சிறைபிடித்த அதே ராஜாவின் அரண்மனையில் உத்தியோகம் கொடுத்தார்கள், பார்த்தார். பெயர், மொழி, படிப்பு, வேலை எல்லாம் அந்நியம்தான். அவர் மறுத்தது ராஜாவின் பந்திச் சாப்பாட்டை. அதையும் கூச்சல் போட்டு மறுக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டார்.

இன்னொன்று. சிங்கக் கெபிக்கு முன்னால் நடந்தது என்ன? தரியு ராஜா நாடெங்கும் 120 தேசாதிபதிகளை வைத்து, ராஜாவுக்கு நஷ்டம் வராதபடி அவர்களிடம் கணக்குக் கேட்க மூன்று பேரை நியமிக்கிறார். அந்த மூவரில் ஒருவர் தானியேல். இன்றைய பாஷையில் சொன்னால் ஆடிட்டர்! அவரைக் கவிழ்க்க நினைத்தவர்கள் முதலில் ஜெபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவருடைய உத்தியோகத்தைத்தான் குடைந்து பார்த்தார்கள். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான், வேறு வழியில்லாமல், ஜெபத்தை வைத்துச் சட்டம் போட்டார்கள்.

ஜெபத்துக்காகச் சிங்கத்திடம் போகும் நிலைமை வந்ததே, அலுவலகச் சோதனையில் அவர் தேறியதால்தான். இந்த வரிசையை மறந்துவிட்டு ஜெபத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா என்ற பகுதியை ஆண்ட ரோம அதிகாரி பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்றைய துருக்கியில் இருக்கிற பகுதி அது. இந்தக் கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்ததில், இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் விசாரித்ததில், அவருக்குத் தெரியவந்தது இவ்வளவுதான். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், ஒரு சத்தியம் செய்துகொள்கிறார்கள். என்ன சத்தியம்? திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்று சொல்வதில்லை.

அந்தப் பட்டியலில் விபசாரமும் இருக்கிறது, டெபாசிட்டும் இருக்கிறது! ஒழுக்கம் வேறு, வரவு செலவு வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

கொங்கு நாட்டின் சோதனை

இப்போது கோவைக்கும் திருப்பூருக்கும் வரலாம். மலையிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு இங்கே காத்திருக்கும் பெரிய சோதனை சினிமா தியேட்டரா?

பி.காம். முடித்து ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு எழுதச் சேர்ந்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் எல்லாம் சரியாகப் போகும். இரண்டாவது மாதம் முதலாளி கூப்பிடுவார். நல்ல மனுஷன்தான். "தம்பி, இந்தப் பார்ட்டி பேருக்கு ஒரு பில் போட்ருப்பா." சரக்கு எங்கே? சரக்கெல்லாம் போகாது, பில் மட்டும் போகும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நாடு முழுக்கப் பிடிபட்டுக்கொண்டிருக்கும் போலி பில் வியாபாரம் இதுதான். சரக்கே கைமாறாமல், வாங்கியதாகக் கணக்குக் காட்டி, கட்டாத வரியைக் கட்டியதாக வரவு வைப்பது. பையன் தயங்கினால் பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பார். "எல்லா எடத்துலயும் நடக்கறதுதாங்க தம்பி."

அவனுக்கு அம்மாவின் பட்டியல் ஞாபகம் வரும். ஆராதனை, ஜெபம், சகவாசம், சினிமா. இதில் பில் எங்கே வருகிறது? எங்கேயும் வராது. ஆகவே அவன் பில் போடுவான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்கும் போவான். தப்பு செய்தோம் என்று ஒரு நாளும் தோன்றாது. பின்மாற்றம் என்று சபையில் சொல்வார்களே, அது இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கும்.

சீக்கிரப் பணம் இன்னொரு வலை. திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி, கொழுத்த லாபம் தருவதாக மக்களிடம் சுமார் 930 கோடி ரூபாய் வசூலித்த பாசி நிறுவனம் 2009-ல் கவிழ்ந்தது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 வருட சிறைத்தண்டனை விதித்தது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட திட்டங்கள் விளம்பரத்தால் மட்டும் பரவுவதில்லை. மாமா சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா போட்டார், கூட ஜெபம் பண்ணுகிற அண்ணன் போட்டார் என்று நம்பிக்கை வழியாகப் பரவுகின்றன. ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் வேறு! சபையில் பக்கத்தில் உட்காருகிறவரை 'பார்ட்டி'யாகப் பார்க்க ஆரம்பிக்கும் நாளில், பழைய மேஸ்திரியின் முன்பணப் பை புது உருவத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

அப்புறம், எந்த நவீனமும் கொண்டுவராத ஒரு கலாச்சாரம் இருக்கிறது. சாதி. தென்னிந்தியச் சபைகளில் சாதி வித்தியாசம் கூடாது என்று கல்கத்தா பிஷப் வில்சன் 1833-ல் கண்டிப்பாக எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எதிர்த்தார்கள். 175 வருடம் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட விவகாரம் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். இதை எந்த மேற்கத்திய டிவி சேனல் சொல்லிக்கொடுத்தது?

வரதட்சணையும் அப்படித்தான். 1961-லிருந்து சட்டப்படி குற்றம். ஆனால் கல்யாணப் பேச்சில் "நாங்க எதுவும் கேக்கல, ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்ங்க" என்ற வசனம் கிறிஸ்தவ வீடுகளுக்குத் தெரியாததா? பெண் ஜீன்ஸ் போட்டால் உலகத்தோடு ஒத்துப்போவது. பெண்ணுக்கு இத்தனை பவுன் என்று பேசி முடித்தால் அது 'மரபு'!

செலவு யார் தலையில்?

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். பெரிய அநியாயங்களைப் பேசிப் பேசி, சின்ன ஒழுக்கத்தைக் கோட்டை விட்டுவிடக் கூடாது அல்லவா? ரொம்ப சரி. சமூக நீதி பேசிக்கொண்டு வீட்டில் மனைவியை ஏமாற்றுகிறவனும் விசுவாசி இல்லை. பிளினி எழுதிய பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அதனால்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. சினிமாவுக்குப் போகாமல் இருந்தால் யாருக்கும் வேலை போகாது. டிக்கெட் காசு மிச்சம்! பில் போட மாட்டேன் என்றால் வேலை போகும். சாதி பார்க்காமல் கட்டிக்கொண்டால் சொந்தம் போகும். வரதட்சணை வேண்டாம் என்றால் அண்ணன் கடை வைக்கப் பணம் இல்லாமல் போகும்.

எங்கே இழப்பு இருக்கிறதோ அங்கேதான் விசுவாசத்துக்கு உண்மையான சோதனை. அதனால்தான் அந்த இடங்களைப் பற்றிப் பிரசங்கம் குறைவாக இருக்கிறதோ என்னவோ!

இங்கே சபைக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையாக இரு என்று மேடையிலிருந்து சொல்வது சுலபம். அப்படி இருந்து வேலையை இழந்து வருகிறவனுக்கு அடுத்த மாத வாடகை யார் கொடுப்பது? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற தாராள மனசு சபைகளில் இருக்கத்தான் செய்கிறது. அதில் ஒரு பங்கை, பொய்க் கணக்கு எழுத மறுத்து வெளியே வந்த பிள்ளைக்கு மூன்று மாதச் சம்பளமாக எடுத்து வைக்க முடியாதா? ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும் கணக்காளர்களும் சபையில் இருக்கிறார்கள். வாலிபர் கூட்டத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு, 'முதலாளி இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது' என்று பேச வைத்தால் என்ன? வேலை பார்க்கிற அண்ணன் அக்காக்கள் ஹாஸ்டல் பிள்ளைகளை மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், பாதிக் 'கெட்ட சகவாசம்' தானாகவே குறைந்துவிடும்.

தானியேல்கூடத் தனியாக இல்லை. ராஜாவின் சாப்பாட்டை மறுத்தபோது கூட மூன்று பேர் இருந்தார்கள். நாலு பேரும் சேர்ந்துதான் காய்கறி சாப்பிட்டார்கள். ஒருவனை மட்டும் பாபிலோனுக்கு அனுப்பிவிட்டு, 'நீ தானியேலாக இரு' என்று மலை மேலிருந்து ஜெபிப்பது கொஞ்சம் அநியாயம். அந்த மற்ற மூன்று பேராக யார் இருப்பது?

டிசம்பர் வரும். ஹாஸ்டல் பிள்ளைகளும் பனியன் கம்பெனிப் பிள்ளைகளும் கிறிஸ்மஸுக்கு மலை ஏறுவார்கள். நாற்பது வளைவும் தாண்டி, பனிக்குள் பஸ் வந்து நிற்கும். பெட்டியை இறக்கும்போதே அம்மா கேட்பார்: "வாராவாரம் சர்ச்சுக்குப் போனியா கண்ணு?"

கேட்கட்டும். நல்ல கேள்விதான். ஆனால் டீ குடித்து முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றும் கேட்கலாம். "வேல செய்யற எடத்துல ஏதாச்சும் பொய் எழுதச் சொன்னாங்களா? நீ என்ன சொன்ன? அதுக்கு என்ன ஆச்சு?"

பதில் எதுவாக இருந்தாலும் திட்டாமல் கேட்க வேண்டும். வேலை போய்விட்டது என்று பதில் வந்தால், "பரவால்ல, நாங்க இருக்கோம்" என்று சொல்ல அந்த வீட்டுக்கும் அந்தச் சபைக்கும் தைரியம் வேண்டும்.